நாலு ஓட்டில் ஒன்று

அக்கா,

இன்றைக்குத்தான் நல்ல வெயில் வந்தது. மழைக்காலம் முழுக்கப் பூஞ்சை பிடித்துக் கிடந்த தலையணை, கம்பளி, துணிமணி எல்லாவற்றையும் நம் தெருவே பால்கனியில் உதறிப் போட்டிருக்கிறது. நானும் பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த பாயை இழுத்துக் கம்பிமேல் விரித்தேன். பிஜித் தீவிலிருந்து வந்த பாய். தாழை ஓலையில் முடைந்து, ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கம்பளி நூல் தொங்கவிட்டது. வெயில் ஏறியதும் அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. காய்ந்த ஓலை, கொஞ்சம் அடுப்புப் புகை, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். கீழே மொஹிங்கா விற்கிறவளின் மீன்குழம்பு வாசனையைத் தாண்டி அது என்னிடம் வந்தது. நான் அப்படியே முக்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

இந்தப் பாயை நீங்கள் பார்த்ததில்லை. உங்களுக்கென்று வந்தது, ஆனால் நீங்கள் போன பிறகு வந்தது. அதோடு வாய்மொழியாக ஒரு சேதியும் வந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு தரம் வந்தேன். அங்கே பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மாவே நான் ஒரு மாதிரி என்று உங்கள் சபைக்காரர்களுக்கு எண்ணம். அதனால் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

எதிரெதிர் வாசலில் எத்தனை வருடம் இருந்தோம்! கல்யாணமாகி நான் இந்தக் கட்டடத்துக்கு வந்தபோது, "நீ இந்து, நான் கிறிஸ்தவ வேதம். ஆனா தண்ணிக்குழாய் ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுதான். அதனால சண்டை போட்டுக்காம இருப்போம்" என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினீர்கள். சூலே பகோடா பக்கம் பஸ் இரைச்சலில் நாங்கள் எல்லோரும் கத்திக் கத்திப் பேசுவோம். நீங்கள் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுவீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த தொண்டை. ரங்கூனில் பெரிய மனிதர்கள் என்று பெயர் வாங்கிய அத்தனை பேருடைய ரகசியமும் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஒன்றைக்கூட நீங்கள் வெளியே விட்டதில்லை. நான் எவ்வளவோ கிண்டிப் பார்த்திருக்கிறேன். "இணைப்புக் குடுத்ததும் காதை எடுத்துரணும்டி. அதுதான் எங்க வேதம்" என்பீர்கள்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை வந்து பேச்சு நின்றுபோகும் நாட்கள் நினைவிருக்கிறதா? அவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிவிட்டு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சோற்றை அவர் முன்னால் டக்கென்று வைப்பேன். நீங்கள் வாசல்படியில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்ப்பீர்கள். பிறகு எக்ஸ்சேஞ்சில் சொல்கிற அதே குரலில், "லைன் கிடைச்சிருச்சு. பேசுங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். அதற்குப் பிறகு சிரிக்காமல் யாரால் இருக்க முடியும்?

உங்களுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது எஸ்தர் ஒருத்திதான். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பிய கூட்டத்தில் அப்பாவையும் அம்மாவையும் வழியிலேயே புதைத்துவிட்டு, தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவர் நீங்கள். அவளைப் படிக்க வைத்து, பிஜியில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த நாகர்கோவில் பையனுக்குக் கட்டிக்கொடுத்துக் கப்பலேற்றினீர்கள். நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "பிள்ளை வளத்தாச்சு. இனி என்னத்துக்கு?" என்றீர்கள்.

அறுபதாம் வருடத்துத் தேர்தலுக்கு நீங்கள் கிளம்பிய அழகை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அந்நியர் என்ற பதிவு. ஓட்டுக் கிடையாது. நீங்கள் பர்மாக் குடியுரிமை வாங்கியவர். அன்று காலையில் சேலையைக் கட்டாமல் பட்டு லுங்கி கட்டி, கன்னத்தில் தனக்காச் சந்தனம் வட்டமாகப் பூசி, தலையில் பூவும் வைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள். "என்னக்கா, பர்மாக்காரன் எவனையாவது பிடிச்சிட்டீங்களா?" என்று நான் கேட்டதற்கு என் தலையில் ஒரு குட்டு விழுந்தது. வேடிக்கை பார்க்க நானும் கூட வந்தேன். உள்ளே ஒரு கட்சிக்கு மஞ்சள் பெட்டி, ஒரு கட்சிக்குச் சிவப்புப் பெட்டி வைத்திருந்தார்களாம். எதில் போட்டீர்கள் என்று கேட்டேன். "இணைப்புக் குடுத்ததும் காதை எடுத்துரணும்" என்று அதற்கும் அதே பதில்தான் வந்தது.

திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "ஓட்டுப் போட்டவளை வெளிய போன்னு யாரும் சொல்ல முடியாது செண்பகம்." நான் நம்பினேன். நீங்கள் சொல்லி நான் எதைத்தான் நம்பவில்லை?

அப்புறம் இரண்டு வருடம்தான் ஓடியது. ஒருநாள் காலை வேலைக்குப் போன நீங்கள் வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்தீர்கள். எக்ஸ்சேஞ்ச் வாசலில் பட்டாளம் நிற்கிறது என்றீர்கள். "போர்டு முழுக்க அப்படியே இருட்டா கிடக்கு செண்பகம். இன்னைக்கு இந்த ஊர்ல யாரும் யாரையும் கூப்பிடல." ஆட்சியைப் பட்டாளம் பிடித்துக்கொண்டது. அத்தோடு சட்டசபையும் போயிற்று, மஞ்சள் பெட்டியும் போயிற்று, சிவப்புப் பெட்டியும் போயிற்று.

பிறகு கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நம் கட்டடத்திலேயே கீழ்வீட்டுத் துணிக்கடைக்காரர், மாடியில் இருந்த மளிகைக்காரர் என்று ஒவ்வொரு குடும்பமாக மதராஸ் கப்பலுக்குப் பெயர் கொடுத்தார்கள். துறைமுகத்தில் மூக்குத்தியைக்கூடக் கழற்றிப் பார்க்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொல்வார். ஆட்டுக்கல்லை எப்படிக் கொண்டுபோவது? போகிற ஒவ்வொருத்தியும் தன் ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் வைத்து, "நிலைமை சரியானதும் வந்து எடுத்துக்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒருத்தி சொன்னாள் என்று அடுத்தவளும் அதையே செய்ய, அது ஒரு சடங்கு மாதிரியே ஆகிவிட்டது. படிக்கட்டு முகப்பில் கால் வைக்க இடமில்லை. எது யாருடையது என்று நீங்கள் மட்டும் சரியாகச் சொல்வீர்கள். "வீடு நிறைய ஆட்டுக்கல். மாவாட்டித் திங்கத்தான் ஆளில்ல" என்று சிரிப்பீர்கள். அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் எஸ்தர் உங்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். இங்கே வந்துவிடு அக்கா, வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கட்டியிருக்கிறோம், சன்னலைத் திறந்தால் கரும்புத் தோட்டம், பிள்ளைகள் பெரியம்மா எப்போது வருவாள் என்று கேட்கிறார்கள் என்று எழுதினாள். அங்கிருந்து ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால்தான் நீங்கள் அந்தத் தீவில் இறங்க முடியும். மாப்பிள்ளை அதற்குச் சம்மதித்துவிட்டார் என்றும் எழுதினாள். உங்கள் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது, அக்கா. நீங்கள் போய்விடுவீர்களே என்று. ஆனாலும் வாய்விட்டுச் சொன்னேன்: "போயிருங்க. இங்க என்ன கொட்டிக் கிடக்கு?" எக்ஸ்சேஞ்சில் ஓய்வு கொடுத்ததும் கிளம்புகிறேன் என்று நீங்களும் எழுதிப் போட்டீர்கள். போகும்போது உங்கள் ஆட்டுக்கல்லை என்னிடம்தான் வைப்பீர்கள் என்று பேசி வைத்துக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்துத்தானா பிஜியில் தேர்தல் வர வேண்டும்?

எஸ்தர் கடிதத்தில் பாதி அந்தத் தேர்தல்தான். தீவு வெள்ளைக்காரன் கையில் இருந்தது. கரும்பு வெட்டப் போன நம் ஜனங்கள் பெருகிப்போய், மண்ணின் மக்களைவிட எண்ணிக்கையில் கூடிவிட்டார்களாம். நம்மவர்களின் கட்சி, எல்லோருக்கும் சமமாக ஒரே ஓட்டு வேண்டும், சீக்கிரம் சுதந்திரம் வேண்டும் என்றது. மண்ணின் மக்களில் பெரும்பாலோர் இப்போதைக்கு வேண்டாம், வெள்ளைக்காரன் போய்விட்டால் எங்கள் நிலம் என்னாகும் என்று இன்னொரு கட்சியில் நின்றார்கள். மாப்பிள்ளை வாத்தியார் வேலைக்கு நடுவிலேயே நம்மவர் கட்சிக்கு மேடையேறிப் பேசுகிறவர். "ஒவ்வொருத்தருக்கும் நாலு ஓட்டு அக்கா" என்று எஸ்தர் எழுதியிருந்ததை நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். நம் ஆட்களே சேர்ந்து நம்மில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஒன்று. மற்ற மூன்றும் எல்லா இனத்தாரும் சேர்ந்து போடுவது: மண்ணின் மக்களில் ஒருவருக்கு, இந்தியரில் ஒருவருக்கு, மற்ற இனத்தாரில் ஒருவருக்கு. உங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பாருடி, அடுத்தவன் வீட்டு ஆளையும் நாம தேடிப் பிடிச்சு நிறுத்தணும். நல்ல ஏற்பாடுதான்" என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

பிடிக்காமல் போனது சுதந்திரம் என்ற வார்த்தை. அதை வாசிக்கும்போதெல்லாம் உங்கள் குரல் இறங்கிவிடும். "நாற்பத்தெட்டுல இங்க சுதந்திரம் வந்தப்போ நானும்தான் கொடி பிடிச்சேன்" என்பீர்கள். என் வீட்டுக்காரர், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த ஊர் வேற, இந்த ஊர் வேற. நம்மாளுங்க நம்மாளுங்களுக்குப் போடாம யாருக்குப் போடுறது?" என்று கேட்பார். நானும் அவர் பக்கம்தான் பேசினேன். எனக்கு என்ன தெரியும்? ஓட்டுச் சீட்டு எந்த நிறம் என்றுகூடத் தெரியாதவள்.

ஆனால் உங்களை அசைத்தது பயம் மட்டும் இல்லை. அது மா மியா சொன்ன வார்த்தை. எக்ஸ்சேஞ்சில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த பர்மாக்காரி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆராதனை முடிகிற நேரத்துக்குத் தூக்குச் சட்டியில் மொஹிங்காவோடு வந்துவிடுவாள். அன்றைக்கு ஆட்டுக்கற்களுக்கு நடுவில் பலகை போட்டு மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிஜிக் கதையைப் பர்மிய மொழியில் அவளுக்கு விளக்கிச் சொல்லி, "அந்த ஊர் ஆளுங்களுக்கு நம்ம மேல ஏன்தான் இவ்வளவு பயமோ?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் சொன்னா கோச்சுக்கக்கூடாது. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது இந்த ஊர்ல எங்க அம்மா ரிக்‌ஷா கூப்பிடணும்னா உங்க பாஷை வேணும். ஆஸ்பத்திரிக்குப் போனா உங்க பாஷை வேணும். கடன் கேட்கப் போனாலும் உங்க பாஷைதான். சொந்த ஊர்ல வழி கேட்க அவளுக்கு வெட்கம். உங்கள்ல யாரும் எங்களை அடிக்கல. ஆனா நாங்க ரொம்ப நாள் பயந்துகிட்டே இருந்தோம். பயந்தவன் கையில ஆட்சி வந்தா, அவன் நல்லவனா இருந்தாலும், முதல்ல கதவைத்தான் சாத்துவான்."

எனக்குக் கோபம் வந்தது. ஆட்டுக்கல்லை விட்டுவிட்டுப் போனவர்கள் யாரைப் பயமுறுத்தினார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். நீங்கள் என் முழங்காலை அழுத்தினீர்கள். பிறகு மா மியாவின் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி ஊற்றினீர்கள்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் தந்தி அலுவலகத்தில் ஏறினீர்கள். கடிதம் போய்ச் சேர்வதற்குள் அங்கே தேர்தல் முடிந்துவிடும் என்று உங்களுக்கு அவசரம். "இப்போது சுதந்திரத்துக்கு ஓட்டுப் போடாதே. அயல்வீட்டார் பயம் தீரட்டும். ரங்கூனை நினைத்துக்கொள்." இதுதான் நீங்கள் அடித்த தந்தி. சாயங்காலம் என்னிடம் சொன்னபோது உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தீர்கள்.

அக்கா, உங்களைத் திட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கியே சம்பளம் வாங்கியவர் நீங்கள். கம்பியில் போகிற வார்த்தை நாலு காது தாண்டித்தான் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கம்பியின் அந்த முனையில் உட்கார்ந்திருப்பவரும் உங்களைப் போலவே காதை எடுத்துவிடுவார் என்று நம்பினீர்கள். உலகம் முழுக்க ஆப்பரேட்டர்கள் எல்லோரும் உங்கள் சாதி என்று நினைத்தீர்கள். இப்படி ஒரு பிழையை நீங்கள் மட்டும்தான் செய்ய முடியும்.

அந்தக் கரும்பாலை ஊரில் தந்தி எஸ்தர் கைக்குப் போகுமுன் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. இரண்டாம் நாள் எதிர்க்கட்சி மேடையில் அதை உரக்க வாசித்தார்களாம். சுதந்திரத்தைக் கண்ணால் கண்டவள், வாத்தியார் பெண்டாட்டியின் சொந்த அக்கா, அவளே சொல்கிறாள், கேளுங்கள் என்று. கூட்டம் சிரித்ததாம். மாப்பிள்ளை பேச எழுந்த இடத்திலெல்லாம், "முதல்ல உங்க வீட்டு ஓட்டை வாங்குங்க வாத்தியாரே" என்று யாராவது கத்தினார்களாம். இதெல்லாம் அவரே எழுதிய கடிதத்தில் இருந்தது. ஒரே கடிதம். "நான் பத்து வருடம் பேசியதை நீங்கள் ஒரே தந்தியில் அழித்துவிட்டீர்கள். உங்களுக்குப் பொறுப்பேற்க இனி என்னால் ஆகாது. எஸ்தரும் எழுதமாட்டாள்."

தேர்தல் முடிவை நாம் என் வீட்டு ரேடியோவில் கேட்டோம். ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற இங்கிலீஷ் செய்தி, நடுநடுவே கொர்ரென்ற இரைச்சல். நீங்கள்தான் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னீர்கள். நம் ஜனங்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிற இடங்கள் அத்தனையும் மாப்பிள்ளையின் கட்சிக்கே கிடைத்தன. மொத்தத்தில் ஜெயித்தது மற்றக் கட்சி. ஆக, உங்கள் தந்தியால் யாரும் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. நீங்கள் ரேடியோவை நிறுத்திவிட்டு, "என் பேச்சை ஒருத்தரும் கேட்கல போல. நல்லதுதான்" என்றீர்கள். அப்புறம், "கதவு மட்டும் சாத்திருச்சு" என்றீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் எஸ்தருக்கு எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. ஒன்றுக்கும் பதில் இல்லை. எங்களோடு மதராஸுக்கு வந்துவிடுங்கள் என்று நான் எத்தனை முறை கெஞ்சினேன்! "அங்க எனக்கு யாருடி இருக்கா? உன் மாமியார் என்னைப் பூஜை அறையில வெப்பாளா?" என்று சிரிப்பாகவே தட்டிக் கழித்தீர்கள். எனக்குத் தெரியும். முகவரி மாறினால் எஸ்தரின் கடிதம் வந்து சேராதே என்றுதான் நீங்கள் அசையவில்லை. உங்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். மா மியா வந்து உங்கள் நாற்காலியில் பர்மியப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், குரல் கீச்சென்று இருக்கிறது என்று குறை சொன்னாள். உங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள்.

நெஞ்சுச் சளி வந்து நீங்கள் படுத்தபோது ஆஸ்பத்திரியில் மருந்துக்குத் தட்டுப்பாடு. மா மியா எங்கெங்கோ அலைந்து ஊசி மருந்து வாங்கி வந்தாள். வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அடம் பிடித்து வந்துவிட்டீர்கள். படியில் யார் காலடிச் சத்தம் கேட்டாலும், "தபாலா?" என்பீர்கள். "இல்லக்கா, பால்காரன்." "இல்லக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளை." கடைசி நாளில் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. கண்ணை மட்டும் வாசல் பக்கம் திருப்பினீர்கள். ஒரு பொய்யாவது சொல்லி உங்கள் மனசைக் குளிர வைத்திருக்கலாம். உங்களிடம் பொய் எடுபடாது. குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சபையார் உங்களுக்கு வெள்ளைச் சேலை உடுத்தினார்கள். பெட்டியை மூடுமுன் மா மியா முன்னால் வந்து, கையிலிருந்த சின்னக் கிண்ணத்தைத் திறந்து, உங்கள் இரண்டு கன்னத்திலும் தனக்கா வட்டமாகப் பூசினாள். போதகர் முகம் சுளித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் ஜெபப் புத்தகத்தைப் பிரித்தார். ஓட்டுப் போடப் போன அன்று இருந்த மாதிரியே இருந்தீர்கள், அக்கா.

அடுத்த மழைக்கு முன்னால் ஒருநாள் என் வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இராமநாதபுரத்துக் கப்பல்காரர். முன்பு பிஜிப் பக்கம் போகிற கப்பலில் இருந்தவர், சிங்கப்பூரில் கப்பல் மாறி, இப்போது அரிசி ஏற்ற ரங்கூனுக்கு வந்திருந்தார். தோளில் இந்தப் பாய். உங்கள் பூட்டிய வாசலைத் தட்டப் போனவரை நான்தான் தடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பாயைக் கீழே வைத்துவிட்டு, ஒரு ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இதை நான் யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டார்.

"என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"அந்தம்மா எழுதித் தரல. வீட்டுல தபால் எல்லாம் அவங்க வீட்டுக்காரர் கைவழியாத்தான் போகுமாம். அதனால வாய்ப்பாடமா சொல்லிக் குடுத்தாங்க. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாங்க." அவர் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொன்னார்: "அக்கா, எனக்கு நாலு ஓட்டு. மூணை அவரு சொன்ன மாதிரி போட்டேன். ஒண்ணை நீ சொன்ன மாதிரி போட்டேன். அந்த ஒண்ணு, மண்ணின் மக்கள்ல நின்ன, பக்கத்து வீட்டு பிஜிக்கார அம்மாவோட கட்சி ஆளுக்கு. அந்த அம்மாதான் இந்தப் பாயை முடைஞ்சது. அவங்களுக்கும் இதைச் சொல்லல, அவருக்கும் சொல்லல. உனக்கு மட்டும்தான் சொல்றேன். ரெண்டு பேர் படுக்கிற அளவுல முடையச் சொன்னேன். அவரு மனசு மாறிக்கிட்டு வருது. நீ பாயை எடுத்துக்கிட்டு வா."

இதுதான் அந்தச் சேதி. ஒருத்தரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு போனீர்கள். கேட்டிருக்கிறாள், அக்கா. நீங்கள் இடுப்பில் தூக்கி வந்த பிள்ளை கேட்டிருக்கிறாள். அத்தனை பேர் சிரித்த பிறகும், வீட்டில் அத்தனை கோபம் இருந்தும், திரைக்குப் பின்னால் தனியாக நின்று ஒன்றை உங்களுக்காகப் போட்டிருக்கிறாள். இது தெரியாமல் நீங்கள் போனீர்களே என்பதை என்னால் தாங்க முடியவில்லை. சோறு வடிக்கும்போது நினைத்துக்கொள்கிறேன், குழாயடியில் நினைத்துக்கொள்கிறேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர்கூட அப்போது கீழே தேநீர் வாங்கப் போயிருந்தார், அவருக்கும் தெரியாது. எஸ்தரின் ஓட்டு ரகசியம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உங்களிடம் பழகிய பழக்கம், வெளியே விடமாட்டேன்.

எங்களுக்கும் கப்பலில் இடம் வந்துவிட்டது. மதராஸ். அங்கே போனால் எனக்கும் ஓட்டு உண்டு என்கிறார்கள். இந்த வயதில் முதல் ஓட்டு. யாருக்குப் போடுவேனோ, தெரியாது. ஆனால் பக்கத்து வீட்டில் யார் பயந்துகொண்டிருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் போடுவேன். ஆட்டுக்கற்களை என்ன செய்வது என்று மா மியாவிடம் கேட்டேன். அவள் தன் மருமகனைக் கைவண்டியோடு கூட்டி வந்து, உங்களுடையது, என்னுடையது, போனவர்களுடையது என்று எல்லாவற்றையும் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். "கேட்டு வந்தா குடுக்கணும்ல? எது யாருடையதுன்னு சொல்லு" என்றாள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். நீங்கள் இருந்தால் சரியாகச் சொல்லியிருப்பீர்கள்.

பாயை அவளிடம் கொடுக்கவில்லை. துறைமுகத்தில் எதைப் பிடுங்கினாலும் பிடுங்கட்டும், இதை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவேன். இரண்டு பேர் படுக்கிற பாய். இப்போது வெயிலில் நன்றாகக் காய்ந்துவிட்டது. தரையில் விரித்து, ஒரு ஓரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மறு பாதியை உங்களுக்கு விட்டிருக்கிறேன்.

லைன் கிடைத்துவிட்டது, அக்கா. அந்தப் பக்கம் எஸ்தர் இருக்கிறாள். பேசுங்கள். நான் காதை எடுத்துவிட்டேன்.

உங்கள்
செண்பகம்